கணவாயிலிருந்து இறங்கி வந்த காற்றாலை

ஆடிக்காற்று ஊரைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், கணவாய்க் காற்றாலைகளில் ஒன்று தன் இடத்தை விட்டுக் கிளம்பி, மானாவாரிக் காடுகளையும் செங்கல் சூளைகளையும் தாண்டி, நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் பார்த்து நிதானமாகக் கடந்து, செங்கமடை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது, காலை வழிபாட்டில் நின்ற பிள்ளைகள் வரிசை கலையாமல் தள்ளி நின்று அதற்கு இடம் விட்டார்கள். தலைமையாசிரியை அன்றைய செய்தியை வாசித்து முடித்துவிட்டு, தாமதமாக வந்தவர்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் தனியாக நிற்க வேண்டும் என்று வழக்கம்போலச் சொன்னார். காற்றாலையும் நகர்ந்து வேப்பமரத்தடிக்குப் போய் நின்றது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் அதிசயமாகப் பார்க்கத் தெரியாது. எதையும் பயன்படுத்தத்தான் தெரியும். காற்றாலையின் நிழல் காலையில் டீக்கடை மேலும், உச்சிப்பொழுதில் பள்ளிக்கூடக் கூரை மேலும், சாயங்காலம் பஸ் நிறுத்தத்தின் மேலும் விழுந்தது என்பதைக் கண்டுகொண்ட ஒரு வாரத்துக்குள், டீக்கடை பெஞ்சு, நுங்கு விற்கிறவள், ஆடுகள், வேலையில்லாத ஆண்கள் என்று சகலமும் அந்த நிழலோடு ஊரைச் சுற்றி வரத் தொடங்கிவிட்டன. கோயில்காரர்கள் அதன் காலில் மஞ்சள் பூசினார்கள், சர்ச்சில் அதற்காக ஜெபம் சொன்னார்கள், இரண்டு தரப்பும் அது தங்களிடம்தான் வந்திருக்கிறது என்று நம்பியதால் சண்டை வரவில்லை. சொல்லாமல் வந்தது சொல்லாமல் போய்விடக் கூடாதே என்று, சூளைக்குச் செங்கல் டெம்போ ஓட்டுகிற ஞானசிகாமணி தன் வண்டியில் பாரம் கட்டுகிற வடக்கயிற்றைக் கொண்டுவந்து, அதன் அடியைச் சுற்றி, கன்றுக்குட்டியைக் கட்டுவதைப் போல வேப்பமரத்தில் கட்டிவிட்டார்.

ஒரே ஒரு குறைதான். அது சுற்றவில்லை. கூரைத் தகரம் பறக்கிற காற்றிலும் மூன்று கைகளையும் அசைக்காமல் பள்ளிக்கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிள்ளைகள் மேல் அதற்கு அவ்வளவு பிரியம் என்று சொல்லிக்கொண்டோம், அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது. இத்தனை வருஷம் உழைத்தது, கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் என்று பெண்கள் சொன்னார்கள்.

கம்பெனியிலிருந்து பொன்னுலிங்கம் என்கிற டெக்னீஷியன் வந்தான். தலைக்கவசம், தோளிலும் தொடையிலும் மாட்டுகிற பெல்ட், கை நிறைய ஸ்பேனர். காற்றாலையின் அடியில் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. அதன் வழியாகத்தான் உள்ளே போய் ஏணியில் ஏற வேண்டும். கம்பெனிச் சாவி எதற்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. காற்று அடங்கி ஐப்பசி பிறந்தால்தான் கிரேன் கொண்டுவர முடியும், அதுவரை இங்கேயே நிற்கட்டும், அதற்கப்புறம் பழைய இரும்புக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டு, ஒரு சர்பத் குடித்துவிட்டு அவன் போனான்.

ஐப்பசியில் எங்கள் ஊரிலிருந்து போகவேண்டியது இன்னொன்றும் இருந்தது. ஞானசிகாமணியின் மகள் பெனிலா பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளி வியாபாரத்துக்கு ஆள் வேண்டும் என்று டவுன் ஜவுளிக்கடையிலிருந்து கேட்டிருந்தார்கள். சாப்பாடு, விடுதி எல்லாம் அவர்களே, பரீட்சையை வேண்டுமானால் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள், ஞானசிகாமணியும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஐப்பசி முதல் வாரம் வேன் வரும். எங்கள் ஊரின் பாதிப் பெண் பிள்ளைகள் அந்த வேனில் போனவர்கள்தான், நாள் முழுக்க நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டு பொங்கலுக்குத் திரும்பி வருகிறவர்கள். பெனிலாவுக்கு அந்த வேனில் ஏற விருப்பமில்லை. சின்ன வயதிலிருந்து, அப்பாவின் டெம்போவில் கணவாயைத் தாண்டும்போதெல்லாம் அந்த உயரத்துக்கு ஒரு தடவை ஏற வேண்டும், ஏறி அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. அதை யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன படிக்கச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பள்ளியில் வருஷத்துக்கு ஒருநாள் யாரோ கல்லூரியிலிருந்து வந்து எதிர்காலம் பற்றிப் பேசிவிட்டு ஆளுக்கொரு பேனா கொடுத்துவிட்டுப் போவார்கள்; அந்தப் பேனாக்களும் எழுதாது.

இயற்பியல் ஆசிரியை சுயம்புகனி டீச்சர் கெட்டிக்காரி, கோபக்காரி, ஸ்டூலில் ஏறி மின்விசிறி துடைக்கக்கூடப் பயப்படுகிறவர். ஆய்வகத்தின் சாவி அவருடைய கைப்பையில் கிடந்தது. அங்கே கருவிகளெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அந்த அலமாரியைத் திறப்பதில்லை என்பது அவருக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன வழக்கம். பிள்ளைகள் கண்ணாடி வழியாகக் கருவியைப் பார்ப்பார்கள், படம் வரைவார்கள், அளவுகளை முந்தின வருஷத்து அக்காமார்களிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் தோடு, கொலுசு இறங்கி வருவதைப் போல எங்கள் பள்ளியில் ரீடிங் இறங்கி வரும். ஒரு கம்பியின் விட்டம் அப்படித்தான் தலைமுறையாக ஒப்பிக்கப்பட்டு வந்தது. அந்தக் கம்பி எப்போதோ தொலைந்துபோயிருந்தது, அதன் விட்டம் மட்டும் செங்கமடையில் சௌக்கியமாக இருந்தது.

ஒரு புதன்கிழமை, மைதானத்தில் சும்மா நிற்கிறதே என்ற எரிச்சலில், டீச்சர் பன்னிரண்டாம் வகுப்பைக் காற்றாலையடிக்குக் கூட்டிக்கொண்டு போய், வீட்டுக்கதவைத் தட்டுவதைப் போல இரும்புக் கதவைத் தட்டினார். அது திறந்துகொண்டது. பிள்ளைகள் உள்ளே போய் சுவரில் காது வைத்துக் கேட்டார்கள், உள்ளே வெகு தூரத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. ஆளுக்கொரு அளவு எடுத்து வாருங்கள் என்று டீச்சர் சொன்னார். எடுத்து வந்தார்கள். எல்லோருடைய காகிதத்திலும் ஒரே உயரம், ஒரே சுற்றளவு, ஒரே நிழல்.

“எப்பிடிட்டி எல்லாருக்கும் ஒண்ணு போல வந்துச்சு?”

“முதல் பெஞ்சுல சொன்னாவ, டீச்சர்.”

“முதல் பெஞ்சுக்கு யாரு சொன்னா?”

முதல் பெஞ்சு பதில் சொல்வதற்கு முன் இரும்புக் கதவு தன்னால் மூடிக்கொண்டது. தட்டினார்கள், கெஞ்சினார்கள், டீச்சர் தன் கோபத்தைக்கூடக் காட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. டீச்சர் அன்றைக்கு மதியம் சாப்பிடாமல் ஆய்வகத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தார். அவரும் இதே பள்ளியில் படித்தவர், அந்தக் கம்பியின் விட்டத்தை அவரும் மனப்பாடம் செய்தவர்தான்.

மறுநாள் காலை அவர் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். துரு ஏறிய பூட்டு சுத்தியலுக்குத்தான் மசிந்தது. திருகு அளவி, வெர்னியர், காந்த ஊசி, பல்லி முட்டையிட்டிருந்த ஒரு தராசு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு பிள்ளைகள் வெயிலுக்கு வந்தார்கள். அது போதாமல் தையல்கடை இஞ்ச் டேப் வந்தது, கொத்தனாரின் தூக்குக்குண்டு வந்தது, சூளையிலிருந்து மட்டப்பலகை வந்தது. ஒருத்தி குச்சியின் நிழலையும் காற்றாலையின் நிழலையும் அளந்து உயரம் கணக்குப் போட்டாள், ஒருத்தி சுவரில் காது வைத்து அந்த மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தாள், இன்னொருத்தி நிழல் ஊரைச் சுற்றுகிற பாதை முழுவதும் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே போய் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். சாயங்காலம் எல்லாரும் கொண்டுவந்து காட்டியபோது ஒருத்தியின் அளவு இன்னொருத்தியின் அளவோடு ஒட்டவில்லை. கிட்டக்கிட்ட வந்தது, ஆனால் ஒட்டவில்லை. சுயம்புகனி டீச்சர் அந்தக் காகிதங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார், அவருக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான் அழுதார். கதவு மெல்லத் திறந்துகொண்டது.

அதற்குப் பிறகு ஊருக்கே அளக்கிற பைத்தியம் பிடித்தது. குழம்பு கொதிக்கிற நேரத்தை அளந்தார்கள், மாப்பிள்ளை பார்க்க வந்தவரின் மீசையை அளந்தார்கள், தலைமையாசிரியை தன் வழிபாட்டு உரையை அளந்து பார்த்துவிட்டுப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அம்மாமார்கள் மைதானத்துக்கு வந்து, இதெல்லாம் படித்தால் பிள்ளை என்னவாக ஆகும் என்று கேட்கத் தொடங்கினார்கள். டீச்சருக்குப் பதில் தெரியவில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அந்த மாதத்தில் அவர் பழகியிருந்தார். தெரிந்தவர்களைத் தேடிப் போனார். சாலை அளக்கிற பெண் ஒருத்தியையும், அரசு மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் படம் எடுக்கிற அம்மாவையும் கூட்டிவந்து நிறுத்தினார். அவர்கள் பேனா கொடுக்கவில்லை, தங்கள் கருவிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். நிழல் பின்னால் நடந்தவள் முதல் ஆளிடமும், மூச்சு எண்ணியவள் இரண்டாவது ஆளிடமும் ஒட்டிக்கொண்டார்கள்.

பெனிலா யாரோடும் ஒட்டவில்லை. அவள் வீட்டிலிருந்து தன் பழைய தாவணி ஒன்றைக் கொண்டுவந்து ஒரு கம்பில் கட்டி மைதானத்தின் நடுவில் நட்டுவிட்டு, நாள் முழுக்க அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீச்சரிடம் வந்தாள்.

“டீச்சர், காத்து மேக்க இருந்து வருது. கணவாய்ல நிக்கிற எல்லாம் மேக்க பாத்துத்தான் நிக்கி. இது மட்டும் நம்மளப் பாத்து நிக்கி.”

“பிரியத்துல பாக்குன்னு சொல்லுதாவளே.”

“பிரியமெல்லாம் இல்ல டீச்சர். அதுக்குக் காத்து எங்க இருக்குன்னு தெரியல. அதைத் தேடித்தான் எறங்கி வந்திருக்கு.”

ஊரின் பெருமையை ஒரு தாவணி இப்படிக் கவிழ்த்துவிட்டதே என்று எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். டீச்சர் பொன்னுலிங்கத்துக்குப் போன் செய்தார். அவன் வந்து தாவணியையும் பார்த்தான், காற்றாலையையும் பார்த்தான், தன்னைக் கண்டதும் மூடிக்கொண்ட இரும்புக் கதவையும் பார்த்தான்.

“பிள்ளை சொல்லுதது சரி டீச்சர். தலைக்கு மேல சின்னதா ஒரு வால் இருக்கும். காத்து எங்கிட்டு இருந்து வருதுன்னு அதுதான் சொல்லும், அது சொன்னாத்தான் தலை திரும்பும். அதுல என்னமோ சிக்கிக் கெடக்கு. எடுத்துவிட்டா சரியாயிரும். ஆனா என்னை உள்ள விட மாட்டேங்கே!”

“பிள்ளைகள விடுதே,” என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அண்ணாந்து அதன் உச்சியைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் டீச்சரும் பொன்னுலிங்கமும் ஞானசிகாமணி வீட்டுக்குப் போனார்கள். இதற்கென்று டிப்ளமோ இருக்கிறது, அதற்கப்புறம் உயரத்தில் வேலை பார்க்கப் பயிற்சி இருக்கிறது, முடித்தால் கணவாயிலேயே வேலை இருக்கிறது என்று பொன்னுலிங்கம் விவரமாகச் சொன்னான்.

“பொம்பளப் பிள்ளையள எடுப்பாவளா தம்பி?”

“இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கல, அண்ணாச்சி.”

“ஏறி விழுந்தா யாரு பதில் சொல்லுவா? நான் கடைக்கு வாக்குக் குடுத்துட்டேன். ஐப்பசி வந்தா அவ வேன்ல ஏறுவா, அவ்வளவுதான்.”

அடுக்களை வாசலில் நின்ற பெனிலா அப்போதுதான் வாய் திறந்தாள். “அப்பா, நீங்க லோடு ஏத்திட்டு அந்தச் செங்கல் மேல ஏறி நின்னு கயிறு இழுக்கையில, வண்டி ஆடும். நான் சின்னப் பிள்ளையா கீழ நின்னு பாத்துட்டு நிப்பேன். எனக்குப் பயமாத்தான் இருக்கும். எறங்குங்கப்பான்னு ஒருநாளாவது சொன்னேனா?”

ஞானசிகாமணி எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் உச்சிவெயிலில் பெனிலாவுக்குப் பொன்னுலிங்கம் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது, மைதானத்துக்குள் டெம்போ வந்து நின்றது. சூளையில் ஓடுகிற எல்லா வண்டிகளின் பாரக்கயிற்றையும் வாங்கி, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, பெரிய சுருளாக ஞானசிகாமணி கொண்டுவந்திருந்தார். மகளின் இடுப்பில் ஒரு முனையைக் கட்டினார், மறுமுனையைத் தன் இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டார். கீழே நின்று பிடிக்கிற கயிறு மேலேயிருந்து விழுகிறவளைத் தாங்காது என்று பொன்னுலிங்கம் சொல்ல வாயெடுத்தான். ஏணியோடு ஓடுகிற கம்பியில் பெல்ட் மாட்டியிருக்கும், அது தாங்கும், பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டான்.

“ஏறுனாலும் ஐப்பசியில கடைக்குத்தான்,” என்றார் ஞானசிகாமணி.

“சரிப்பா.”

பெனிலா கதவைத் தட்டித் திறந்து முன்னால் ஏறினாள். பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்று சுயம்புகனி டீச்சரும் இன்னொரு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி, ஒளிவிலகல் விதிகளையும் மின்தடை விதிகளையும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினார். விதிகள் தீர்ந்துபோன பிறகு அவர் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு ஏறினார். உள்ளே இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது, காது வைத்துக் கேட்ட அந்த மூச்சு இப்போது அவர்களைச் சுற்றியே இருந்தது, ஏற ஏறப் பள்ளிக்கூடத்தின் மணியும் ஆடுகளின் சத்தமும் ஊர் முழுவதுமாகக் கீழே கரைந்துபோனது. கடைசியில் பெனிலா தலைக்கு மேலிருந்த மூடியைத் தள்ளித் திறந்தாள். வெளிச்சமும் காற்றும் ஒன்றாகக் கொட்டின. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடலின் மெல்லிய கோடு, நடுவில் கணவாயில் நூறு நூறாகக் காற்றாலைகள் மேற்கே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் ஆசைப்பட்டதைவிட அது அழகாக இருந்தது.

சின்ன வால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை இறுக்கிச் சுற்றிக்கிடந்தது ஒரு பிளாஸ்டிக் பை. பிரித்து எடுத்துப் பார்த்தாள். எந்த ஜவுளிக்கடைக்கு அவள் போக இருந்தாளோ, அந்தக் கடையின் பை. கண்ணைத் திறந்து அதைப் பார்த்த சுயம்புகனி டீச்சர், அவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதை மறந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

வால் ஒருமுறை சிலிர்த்துத் திரும்பியது. காற்றாலை தன் பெரிய தலையை மெல்ல மெல்லத் திருப்பி, பள்ளிக்கூடத்தை விட்டு, சூளைகளை விட்டு, மேற்கே கணவாயைப் பார்த்தது. பிறகு நடக்கத் தொடங்கியது. வேப்பமரத்துக் கட்டு தானே அவிழ்ந்தது. ஞானசிகாமணி கையிலிருந்த கயிற்றை விடவில்லை; மகள் மேலே இருக்கிறாள், எப்படி விடுவார்? நெடுஞ்சாலையில் லாரிகள் நின்று வழிவிட, காடுகள் வழியாக, அவர் பின்னாலேயே நடந்தார், அவர் பின்னால் பிள்ளைகள், பிள்ளைகள் பின்னால் தண்ணீர்க் குடத்தோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் நாங்கள். கணவாயில் அது தன் பழைய இடத்தில் காலை ஊன்றி நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, மூன்று கைகளையும் சுற்றத் தொடங்கியபோது, அதன் காற்று எங்கள் எல்லோர் முகத்திலும் அடித்தது.

பெனிலா இறங்கி வந்தபோது அப்பாவின் உள்ளங்கைகள் தோல் உரிந்து சிவந்திருந்தன. அவர் கையைப் பார்த்துக்கொண்டே, “பசிக்குதாட்டி?” என்று கேட்டார். அவள் பையைக் கொடுத்தாள். அதில் அச்சடித்திருந்த பெயரை வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 

பிற்பாடு செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், எந்தப் பிள்ளையின் அளவும் இன்னொருத்தியின் அளவோடு ஒத்துப்போகவில்லையே என்று கோபப்பட்டதும், அவரையே ஒரு புதுக் கம்பியை அளக்கச் சொல்லி டீச்சர் திருகு அளவியைக் கையில் கொடுத்ததும், அவருக்கும் வேறு அளவு வந்ததும் தனிக் கதை. ஆனால் அதற்கு முன்பே ஐப்பசி வந்துவிட்டது.

மேற்குக் காற்று அடங்கியது. கிரேன் வரவில்லை, அதற்கு இனி வேலையில்லை. வேன் வந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று ஹாரன் அடித்தது. பெனிலா ஆய்வகத்தின் கூரைமேல் நின்று, தகரத்தில் தானே வெட்டிய ஒரு வாலை ஆணியடித்துக்கொண்டிருந்தாள். ஹாரன் கேட்டு அவள் கை நின்றது. அவளுடைய துணிப்பெட்டி வீட்டில் கட்டி வைத்திருந்தது, அவளே கட்டியதுதான். டெம்போவிலிருந்து இறங்கிய ஞானசிகாமணி வேனைப் பார்க்காமல் அவளை அண்ணாந்து பார்த்தார்.

“ஏட்டி, இப்ப காத்து எங்கிட்டு இருந்து வருது?”

“திரும்பிட்டுப்பா. வாடைக்காத்து.” அவள் கணவாயைக் காட்டினாள். எல்லாக் காற்றாலைகளும் மேற்கே பார்த்து அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் ஏற்கெனவே வடகிழக்கே திரும்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. “நம்மது முதல்ல திரும்பிட்டு, பாத்தீங்களா?”

அவர் கணவாயைப் பார்த்தார். மற்றவையும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. பிறகு தழும்பேறிய கையால் சட்டைப்பையிலிருந்து அந்தப் பையை எடுத்து, வேன் டிரைவரிடம் நீட்டினார்.

“இந்தாரும். உம்ம கடைப் பை. எம்மவ மேல இருந்து எடுத்துட்டு வந்தா. முதலாளிகிட்ட குடுத்திரும்.”

“பிள்ளை எங்க, அண்ணாச்சி?”

“பிள்ளைக்கு வேலை கெடக்கு,” என்றார் ஞானசிகாமணி. 

அந்தத் தெருவில் வேனைத் திருப்ப இடம் போதாது. பெனிலா கூரையிலிருந்து இறங்கி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேனுக்குப் பின்னால் நின்று, வரலாம், வரலாம் என்று கைகாட்டி அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, மறுபடி ஏணியில் ஏறினாள்.